குடை பிடிக்கிறவன் யார்? யோகோஹாமா அச்சுப்படங்களை முன்வைத்து

எட்வர்ட் சயீத்தின் 'ஓரியண்டலிசம்' 1978இல் வந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேற்கு கிழக்கைப் பார்த்த பார்வையைக் கட்டுடைத்து முடித்த கையோடு, கிழக்கு மேற்கைத் திருப்பிப் பார்த்த தருணங்களைத் தேடிக் கிளம்பிவிடுவது. ஒன்று அகப்பட்டால் போதும், கொண்டாட்டம்தான். 'பாத்தீங்களா, நம்மாளும் அவனை வேடிக்கைப் பொருளாக்கி இருக்கான்' என்று. இந்தக் கொண்டாட்டத்துக்குத் தோதாகக் கையில் கிடைப்பவை 1860களின் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்கள். யோகோஹாமா துறைமுகத்துக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களைக் காட்டுபவை. ஜப்பானிய மொழியில் 'யோகோஹாமா-எ'. 'எ' என்றால் படம். நீண்ட மூக்கு, செம்பட்டைத் தாடி, பித்தான் வைத்த இறுக்கமான சட்டை, கூண்டு மாதிரி விரிந்த பாவாடை, கையில் ஒயின் கோப்பை, காலடியில் நாய்.

எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும். அவற்றின் நீலமும் சிவப்பும் பிடிக்கும். ஆனால் 'திருப்பிப் பார்த்தல்' என்கிற வாசிப்பு எனக்கு ஒப்பவில்லை. பார்ப்பது யார், யார் கொடுத்த அனுமதியோடு பார்க்கிறார், பார்க்கப்படுகிற வெள்ளையனுக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் நிற்பது யார் என்கிற கேள்விகளை அந்த வாசிப்பு தாண்டிப் போய்விடுகிறது. குறிப்பாக மூன்றாவது கேள்வியை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1853இல் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு கப்பல்களோடு எடோ விரிகுடாவுக்குள் (எடோதான் இன்றைய டோக்கியோ) நுழைந்தார். ஜப்பானியர் அவற்றுக்கு வைத்த பெயர் 'கருங்கப்பல்கள்'. அடுத்த ஆண்டு பெரிய படையோடு திரும்பி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளோடு வணிக ஒப்பந்தங்கள். 1859 ஜூலையில் யோகோஹாமா திறந்துவிடப்பட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த இடம் கனகாவா. அது தோக்காய்தோ நெடுஞ்சாலையில் ஆள் நடமாட்டம் மிகுந்த ஊர். அங்கே வெள்ளையரை விட்டால் வம்பு என்று ஷோகுன் அரசு எதிர்க்கரையில் கிடந்த ஒரு மீன்பிடிக் கிராமத்தைத் துறைமுகமாக்கிவிட்டது. அந்தக் கிராமம்தான் யோகோஹாமா. அதாவது, பார்வைக்கு வைப்பதற்கும் தள்ளி வைப்பதற்கும் சேர்த்தே கட்டப்பட்ட ஊர் அது.

இங்கே இரண்டு வகைப் படங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரி வந்த 1853-54இல் தெருத்தெருவாக விற்றவை 'கவராபான்' என்னும் ஒற்றைத்தாள் அச்சுகள். மலிவான தாள், மட்டமான மை, அவசரச் செதுக்கல். வரைந்தவன் பெயரும் இல்லை, அச்சிட்டவன் பெயரும் இல்லை, தணிக்கை முத்திரையும் கிடையாது. சட்டவிரோதச் சரக்கு. அவற்றில் வருகிற பெரி ஒரு மலைப் பேய். புருவம் மேலே ஏறி, மூக்கு நீண்டு, முகமெல்லாம் மயிர். கப்பலின் முகப்பிலேயே கண்ணும் வாயும் இருக்கும். பயமும் வதந்தியும் கேலியும் அவற்றில் அப்படியே கிடக்கின்றன. கப்பல் எவ்வளவு நீளம், எத்தனை பீரங்கி, எந்தப் பிரபு எந்தக் கரையைக் காவல் காக்கிறார் என்ற தகவல்களும் கிடைக்கும். அரசு மறைக்க நினைத்ததை அந்தத் தாள்கள் விற்றன.

1860இல் வர ஆரம்பித்த யோகோஹாமாப் படங்கள் வேறு சாதி. தணிக்கை முத்திரையோடு, பதிப்பாளர் குறியோடு, ஓவியர் கையொப்பத்தோடு வந்தவை. ஒருவர் வரைய, ஒருவர் செர்ரி மரப்பலகையில் நிறத்துக்கு ஒன்றாகச் செதுக்க, இன்னொருவர் அச்சடிக்க, பணம் போட்ட பதிப்பாளர் கடையில் தொங்கவிட்டு விற்கிற முழுத் தொழில். ஒரு தாளின் விலை ஒன்றிரண்டு கிண்ண சோபா நூடுல்ஸ் விலைதான். மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சி. பெரும்பாலானவை 1860க்கும 1862க்கும் இடையில் வெளிவந்துவிட்டன. சில நூறு படங்கள். பிறகு மோகம் தணிந்துபோயிற்று. நடப்பு அரசியலைப் படமாக்குவது தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில் நடப்பிலேயே மிகச் சூடான விஷயம் முத்திரை வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறது என்றால், எதைக் காட்டலாம், எப்படிக் காட்டலாம் என்பது தீர்மானமாகிவிட்டது என்று அர்த்தம். ஏழெட்டு வருஷத்துக்குள் பேய் விருந்தாளி ஆகிவிட்டது. இந்த மாற்றத்தைத்தான் நம் தோழர்கள் எதிர்ப்பார்வை என்கிறார்கள்!

வரைந்தவர்களில் பெரும்பாலோர் உதகாவா பள்ளியைச் சேர்ந்தவர்கள். யோஷிகாசு, யோஷிதோரா, யோஷிதோயோ, யோஷிகு என்று 'யோஷி'யில் தொடங்குகிற பெயர்களெல்லாம் குனியோஷியின் சீடப் பரம்பரை. கபுகி நடிகர்களையும் அழகிகளையும் போர்வீரர்களையும் வரைந்து பழகிய கைகள். அதனால்தான் பல படங்களில் அமெரிக்க வணிகன் கபுகி மேடையில் விறைத்து நிற்கிற கதாநாயகன் மாதிரி முறைக்கிறான். லண்டன், பாரிஸ், வாஷிங்டன் என்று தலைப்பிட்ட நகரக் காட்சிகளும் உண்டு. வரைந்தவர் யாரும் அங்கே போனதில்லை. வெள்ளையர் கையோடு கொண்டுவந்த படப் பத்திரிகைகளில் ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு குதிரைவண்டி என்று எடுத்து ஒட்டியவை. செப்புத்தகட்டு அச்சின் நிழல்கோடுகளை மரப்பலகையில் கொண்டுவரப் படுகிற பாடு சில படங்களில் அப்பட்டமாகத் தெரியும். வேறு சிலவற்றில் ஆங்கிலம் போலக் கிறுக்கி வைத்திருப்பார்கள். எழுத்து மாதிரி இருக்கும், வாசித்தால் ஒன்றும் வராது. இந்தக் கிறுக்கல்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. தெரியாததைத் தெரியாததாகவே அச்சிட்ட நேர்மை அவற்றில் இருக்கிறது.

சதாஹிதே மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறார். 1861இல் அவர் செய்த ஐந்துதாள் படம் ஒன்று உண்டு. மேற்கத்திய வணிகர்கள் யோகோஹாமாவில் சரக்கு ஏற்றி இறக்குவது. பாய்மரக் கயிறுகளில் மாலுமிகள் எறும்பு மாதிரி ஏறிக் கிடக்கிறார்கள். சாய்வுப் பலகையில் மூட்டைகள் நகர்கின்றன. யோகோஹாமாவில் கண்டதும் கேட்டதும் என்கிற பொருளில் 1862இல் தொடங்கிப் பாகம் பாகமாகப் படப் புத்தகமும் கொண்டுவந்தார். ரொட்டி சுடுவது, பாத்திரம் தேய்ப்பது, குழந்தை தூங்குவது வரை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. உழைப்பைப் பார்க்கத் தெரிந்தவர். மற்றவர்கள் உடையைப் பார்த்தபோது இவர் கையைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் சதாஹிதே உட்பட யாரும் காட்டாததைச் சொல்லியாக வேண்டும். துறைமுகம் திறந்ததும் பட்டு நூல் கப்பலேறியது. கிர்யூ ஊர் நெசவாளர்கள் நூல் கிடைக்காமல் 1859இலேயே அரசுக்கு மனுப்போட்டார்கள். ஜப்பானில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒன்றுக்கு ஐந்து என்ற மதிப்பு. வெளியே ஒன்றுக்குப் பதினைந்து. வெள்ளியைக் கொண்டுவந்து கொட்டித் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனான் வெள்ளையன். 1860இல் அரசு நாணயத்தையே மாற்றி அடித்தது. விலைவாசி ஏறியது. பட்டும் தானியமும் விளக்கெண்ணெயும் எடோ வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்று அதே வருஷம் ஆணை போட்டும் பயனில்லை. இன்னொரு பக்கம் வாள். 1859 ஆகஸ்டில் ரஷ்ய மாலுமிகள் யோகோஹாமாத் தெருவில் வெட்டப்பட்டார்கள். 1861 ஜனவரியில் அமெரிக்கத் தூதரக மொழிபெயர்ப்பாளர் ஹ்யூஸ்கென். 1862இல் நமமுகியில் ரிச்சர்ட்சன் என்கிற ஆங்கில வணிகர். அதற்குப் பழியாக 1863இல் ககோஷிமா நகரம் பிரிட்டிஷ் பீரங்கிகளால் எரிந்தது. இவ்வளவும் படங்கள் விற்ற அதே வருஷங்கள். படங்களிலோ வாத்தியக்குழு ஊர்வலம், குதிரைச் சவாரி, ஞாயிற்றுக்கிழமை உல்லாசம். (ஞாயிறுக்கான டச்சுச் சொல்லைத் திரித்து 'தோந்தாக்கு' என்றார்கள். அது விடுமுறைக் களிப்புக்கே பெயராகிவிட்டது.) பட்டு மூட்டை படத்தில் இருக்கும். நூலில்லாமல் நின்ற தறி இருக்காது.

சரி, எதிர்ப்பே இல்லையா? இருக்கிறது. 1861இல் வந்த ஒரு படத்தில் சுமோ மல்லன் ஒருவன் வெள்ளையனை அலாக்காகத் தூக்கி எறிகிறான். பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் திருப்தியும் வரும். மறுக்கவில்லை. ஆனால் கப்பல் பீரங்கிக்கு முன்னால் மல்யுத்தத்தில் ஜெயிப்பது என்பது கடையில் வாங்குகிற திருப்திதான். 1854இல் பெரியின் ஆட்களுக்கு முன்னால் அரிசி மூட்டைகளைத் தூக்கிக் காட்ட அரசே சுமோ மல்லர்களைத்தான் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது பெயரில்லாதவர்களிடம் வருகிறேன். 'ஐந்து நாட்டார்' என்பது இப்படங்களின் நிரந்தரத் தலைப்பு. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் நாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கும். சில படங்களில் 'நான்கின்' என்றும் ஒருவர் வருவார். நான்கின் என்றால் நான்ஜிங், அதாவது சீனர். சீனாவோடு ஜப்பானுக்கு அப்போது ஒப்பந்தமே கிடையாது, 1871இல்தான் வந்தது. மேற்கத்தியக் கம்பெனிகளின் நிழலில் தரகராக, கணக்கராக, நாணயம் பார்ப்பவராக, சமையல்காரராக வந்தவர்கள் இவர்கள். சென்னைப்பட்டினத்துத் துபாஷியை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். இவர்கள் இல்லாமல் ஒரு பேரமும் முடியாது. எழுதிக் காட்டினால் ஜப்பானியருக்கும் புரியும், பேசினால் வெள்ளையனுக்கும் புரியும். ஆயிரம் வருஷமாக ஜப்பானுக்கு எழுத்தும் மதமும் கவிதையும் வந்த நாட்டுக்காரர், இங்கே வெள்ளையனின் நாற்காலிக்குப் பின்னால் பின்னலோடு நிற்கிறார்.

அவருக்கும் பின்னால் இன்னொருவர். கறுத்த தோல். கையில் தட்டு, அல்லது குதிரைக் கடிவாளம், அல்லது குடை. நாட்டின் பெயர் கிடையாது. 'குரோன்போ' என்று ஒரே சொல். கறுப்பன் என்பதற்கான இழிசொல். ஆப்பிரிக்கர், மலாய்த் தீவுக்காரர், இந்தியர் எல்லாரையும் அதே சொல்லில் போட்டு மூடிவிடலாம். வெள்ளையருக்குள் ரஷ்யன் வேறு, பிரெஞ்சுக்காரன் வேறு என்று தொப்பியை வைத்துப் பிரித்துக் காட்டத் துடிக்கிற தூரிகைக்கு, இவன் விஷயத்தில் மட்டும் அந்தத் துடிப்பு இல்லை.

இது 1860இல் தொடங்கியதும் அல்ல. 1641 முதல் நாகசாகியில் தெஜிமா என்கிற சின்னத் தீவுக்குள் டச்சுக்காரர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களைக் காட்டுகிற நாகசாகி அச்சுப்படங்கள் யோகோஹாமாப் படங்களுக்கு நூறு வருஷம் மூத்தவை. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வார்ப்பு உண்டு. முன்னால் டச்சுக் கனவான் கைத்தடியோடு. பின்னால் கறுத்த பையன், கனவான் தலைக்கு மேல் குடை. பத்தாவியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இவர்கள், பெரும்பாலும் இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள். பத்தாவியாவுக்கு அடிமைகள் வந்த வழிகளில் ஒன்று நம்முடைய கரை. டச்சுக்காரர் பழவேற்காட்டிலும், 1658க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இருந்து கப்பலேற்றினார்கள். 1659-61 பஞ்சத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் போனார்கள். படத்தில் குடை பிடிப்பவன் சோழமண்டலக் கரைக்காரன் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. காலம் வேறு. எவன் எந்த ஊர் என்று கேட்கத் தேவையில்லாதபடி அவன் வரையப்பட்டிருக்கிறான் என்பதுதான் விஷயம்.

இதோடு ஒரு முரணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எடோ நகரத்து நாகரிக ஆண்கள் விரும்பி உடுத்திய கோடுபோட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு 'சந்தோமே' என்று பெயர். சாந்தோம்தான். மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோம். சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பலில் போன கோட்டுத்துணிக்கு அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கவாகோயே நெசவாளர்கள் அதைப்போலவே நெய்யப் பழகி உள்நாட்டுச் சரக்காக்கினார்கள். துணிக்கு ஊர் உண்டு. அதே கப்பலில் போன ஆளுக்கு ஊர் இல்லை. 1863இல் யோகோஹாமாவுக்கு ஒரு யானை வந்து எடோவின் ரியோகொகுவில் காசு வாங்கிக் காட்டப்பட்டது. அதை வரைந்த யோஷிதோயோவின் தாளில் 'நடு தென்ஜிகு'விலிருந்து வந்த பெரிய யானை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தென்ஜிகு என்றால் இந்தியா, புத்தர் பிறந்த நாடு. ஒருமுறை பார்த்தால் பீடை விலகும் என்று விளம்பரம். யானைக்கும் ஊர் உண்டு, புண்ணியமும் உண்டு!

கான்கிரோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். துறைமுகத்தைத் திறந்த அரசு, சதுப்பை மேடாக்கி, சுற்றிலும் அகழி வெட்டி, மியோசாகி என்கிற பரத்தையர் குடியிருப்பையும் திறந்தது. சுங்கச்சாவடி மாதிரி அதுவும் துறைமுக ஏற்பாட்டில் ஒன்று. அதன் பெரிய மாளிகை கான்கிரோ. விசிறி ஓவியங்கள் நிறைந்த கூடம், வளைந்த பாலம், உள்முற்றம். இரண்டாம் ஹிரோஷிகே வரைந்திருக்கிறார், இன்னும் பலர் வரைந்திருக்கிறார்கள். யோஷிகு 1860இல் ஐந்து நாட்டாரும் அங்கே கூடிக் குடிப்பதை வரைந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து நாடுகளும் ஒரே பாயில். அந்தப் பெண்கள் வறுமையால் விற்கப்பட்டவர்கள், கடன் சீட்டில் கட்டுண்டவர்கள். படத்தில் அவர்கள் வழக்கமான உக்கியோ-எ அழகிகள். முகத்தில் எதுவும் இல்லை. வெள்ளையன் முகத்தில் ஆச்சரியம், போதை, அசட்டுத்தனம் எல்லாம் வரைய முடிந்த ஓவியனுக்கு இவள் முகத்தில் வரைய எதுவும் கிடைக்கவில்லை.

வெள்ளையனோடு வாழ்ந்தவளுக்கு ஊர் வைத்த பெயர் 'ரஷாமென்'. செம்மறியாட்டைக் குறிக்கிற சொல். வசை. இன்னொரு பக்கம், கியூ என்கிற கான்கிரோப் பெண் வெள்ளையனிடம் போக மறுத்துத் தற்கொலை செய்துகொண்டாள் என்று ஒரு கதை பரவியது. எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்ற சர்ச்சை இருக்கட்டும். போனவள் ஆடு, செத்தவள் தேசம். நமக்குத் தெரியாத கதையா இது? அவளை விற்றவன் மேல் ஒரு வசைச்சொல்லும் உருவாகவில்லை. 1866இல் யோகோஹாமாவில் பெருந்தீ. பன்றிக்கறிக் கடையில் தொடங்கியதால் 'பன்றிக்கடைத் தீ' என்றே பெயர். மியோசாகி எரிந்துபோனது. அந்த இடத்தில் 1876இல் பூங்கா அமைத்தார்கள். 1978இல் பேஸ்பால் மைதானமும் கட்டினார்கள். கான்கிரோ பெயர் வெட்டிய ஒரு கல்விளக்கு பூங்காவில் நிற்கிறது.

பன்றிக்கறி என்றதும் ஒன்று. வெள்ளையன் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற இறைச்சி இப்படங்களில் பெரிய வியப்பு. 'இதையெல்லாம் திங்கிறானே' என்கிற வியப்பு. ஆனால் மாட்டையும் தோலையும் தொடுகிற வேலையை அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாக 'எத்தா' என்று ஒதுக்கிவைத்த மக்களின் தலையில் பிறப்பாலேயே கட்டியிருந்தது. அந்த இழிபெயரைச் சட்டத்திலிருந்து நீக்கிய ஆணை 1871இல்தான் வந்தது. பெயர் போனது, ஒதுக்கல் போகவில்லை. கறி வெட்டுகிற அந்நியனைப் பார்த்து அதிசயித்த கண், அதே வேலைக்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட தன் நாட்டானை வரையவில்லை. அவனைப் பார்த்து அதிசயிக்க என்ன இருக்கிறது?

கலை விமர்சகர்கள் இப்படங்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். வான்கோவும் மோனேயும் கொண்டாடிய ஹிரோஷிகே, ஹோக்குசாய் உயர்ந்த கலை. யோகோஹாமாப் படங்கள் சீரழிவுக் காலத்துச் சந்தைச் சரக்கு. ஏனென்றால் ஐரோப்பா ஜப்பானிடம் எதிர்பார்த்தது மழையும் பாலமும் மலையும். தன் முகத்தை அல்ல. 1990இல் வாஷிங்டனின் சாக்லர் கூடத்தில் பெரிய கண்காட்சி நடந்தபோது காற்று மாறியிருந்தது. மேற்கு இப்போது தன் கேலிச்சித்திரத்தையும் ரசிக்கத் தயார். ரசித்து, சட்டம் போட்டு மாட்டத் தயார். 'எங்களை எப்படிப் பார்த்தார்கள் பாருங்கள்!' என்பதிலும் மையம் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'நாங்களும் பார்த்தோம்' என்று நாம் போடுகிற சத்தத்திலும் அதே ஆள்தான் மையத்தில் நிற்கிறான்.

கடைசியாக 1894-95. ஜப்பான் சீனாவோடு போருக்குப் போகிறது. செத்துக்கொண்டிருந்த மரக்கட்டை அச்சுத் தொழில் திடீரென்று உயிர்பெறுகிறது. மூன்றுதாள் போர்ப் படங்கள் குவிகின்றன. வரைந்தவர்களில் ஒருவர் மிசுனோ தோஷிகதா. அவருடைய குரு யோஷிதோஷி. யோஷிதோஷியின் குரு குனியோஷி. யோகோஹாமாவில் வெள்ளையரை வரைந்த அதே பள்ளி. இப்போது ஜப்பானியச் சிப்பாய் நெடுநெடுவென்று உயர்ந்திருக்கிறான். மீசை, இறுக்கமான கறுப்புச் சீருடை, நிமிர்ந்த முதுகு. 1861இல் கற்றுக்கொண்ட வெள்ளை உடலின் அளவுகள் இங்கே சொந்த உடலுக்குப் போடப்பட்டிருக்கின்றன. எதிரே சீனர். பிதுங்கிய கண், அலறும் வாய், பிடித்து இழுக்க வசதியான பின்னல். கோபயாஷி கியோசிகா அவர்களை வைத்து ஒரு கேலித் தொடரே செய்தார், தலைப்பில் நூறு வெற்றிகளும் நூறு சிரிப்புகளும். பெரிக்கு வரைந்த அந்தப் பேய்முகம் நாற்பது வருஷத்தில் மேற்கை விட்டு நகர்ந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான்கின்காரர் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் சில சமயம் மேற்கத்திய நிருபர்கள் நிற்கிறார்கள், குறிப்பேடும் பென்சிலுமாக, பார்த்துக்கொண்டு.